மஞ்சள் நோட்டீஸை மறைத்த பூவளையம்

பெயர் ரோவினா ஹாஸ்கெட். வயது 15. மிசிசிப்பி மாநிலம் வெதர்லி நகரில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். என் தாயார் டோரீன், கல்லூரிச் சாலை 41ஆம் எண் வீட்டில் உள்ள சகோதரிச் சங்கத்துக்கு, அதாவது கல்லூரி மாணவிகள் உறுப்பினராகி ஒன்றாகத் தங்கும் சங்கத்துக்கு, ஆறு வருடமாக விடுதித் தாயார்; வீட்டைக் கவனித்துக்கொள்பவர். நாங்கள் அந்த வீட்டின் கீழ்த்தள அறையில் குடியிருந்தோம். இப்போது நெடுஞ்சாலை லாட்ஜில் இருக்கிறோம். தாயார் தூங்கிய பிறகு, அவருக்குத் தெரியாமல், குளியலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் அறைக்கு நேர்மேலே முன்கூடம். புது உறுப்பினர்களைச் சேர்க்கும் வாரத்தில் எழுபது பேர் அங்கே வாசலை அடைத்து அடுக்கடுக்காக நின்று, கைதட்டிப் பாடி, ஒரே தாளத்தில் தரையை மிதிப்பார்கள். கதவு திறந்ததும் வெளியே நிற்கும் பெண்கள் அசந்துபோக வேண்டும். ஆகஸ்டு 4ஆம் தேதி ஒத்திகையில் உத்தரம் விரிசல் விட்டு என் கட்டிலில் சுண்ணாம்பு கொட்டியது. தாயார் நகராட்சிக்குச் சொன்னார். 6ஆம் தேதி ஆய்வாளர் வந்து, கூடத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று வாசற்கதவில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டினார்.

அதன் பிறகு, தாயார் கடைக்குப் போயிருந்தபோது, சங்கத் தலைவி பிரின்லி காஸ்வெல் கதவில் அலங்காரமாக மாட்டும் ஒரு பெரிய பூவளையத்தை என்னிடம் கொடுத்தாள்.

"ஏய் எலி, இத அந்தப் பேப்பர் மேல மாட்டு."

சுண்ணாம்பு கொட்டியதைச் சொன்னேன்.

"குடை பிடிச்சுக்கிட்டுத் தூங்குடி. உங்கம்மாவுக்கு வேல இருக்கணுமா, வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நாற்காலியில் ஏறி மாட்டினேன். வளையத்தின் கம்பி விரலைக் கிழித்தது. தாயார் திரும்பி வந்து கேட்டதற்கு, ஆய்வாளரே வந்து நோட்டீஸை எடுத்துவிட்டார் என்று பொய் சொன்னேன்.

9ஆம் தேதி காலை பத்து மணிக்குக் கதவு திறந்தது. எழுபது பேரும் மிதிக்க, பாட்டின் இரண்டாவது அடியில் கூடத்தின் தரை இடிந்து இறங்கியது. பதினொரு பேர் எங்கள் அறைக்குள் விழுந்தார்கள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, சங்கத்தில் சேர வந்து அப்போதுதான் உள்ளே கால் வைத்த மாரிசெல் கின்டோ என் கட்டிலில் கிடந்தாள். நெஞ்சில் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது. "என்னச் சேத்துக்குவாங்களா?" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு இன்னும் கால் அசையவில்லை.

அதன் பிறகு வீட்டு நிர்வாகக் குழுவின் லூடெல் பிராங்ஸ் அம்மையார், வீடு பழையது, அதனால்தான் புது வீடு தேவைப்படுகிறது என்று தொலைக்காட்சியில் பேசினார். அந்த வீடு தொண்ணூறு வருடம் நின்றது. பன்னிரண்டு பேரோடு விட்டிருந்தால் அன்றும் நின்றிருக்கும். இன்று மாலை அவர் லாட்ஜுக்கு ஒரு தாளோடு வந்தார். நோட்டீஸை மறைத்தது டோரீன் என்று அதில் இருந்தது.

"இதுல கையெழுத்துப் போடுங்க டோரீனம்மா. இல்லன்னா போலீஸ் உங்க பொண்ணையில்ல விசாரிக்கும்?"

நாளைக் காலை ஒன்பது மணிக்குப் போடுவதாகத் தாயார் சொன்னார். அம்மையார் போன பிறகு தாயார் என் கையை இழுத்து, விரலில் இருந்த பழைய பிளாஸ்டரை உரித்துவிட்டுப் புதிது ஒட்டினார். எப்படிக் கிழிந்தது என்று கேட்கவில்லை.

இதை யாரும் சொல்லித் தந்து நான் எழுதவில்லை. நான் கண்டதையும் செய்ததையும் மட்டும் எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறேன். போலீஸாரே, ஒன்பது மணிக்கு முன்பு லாட்ஜுக்கு வாருங்கள். மாட்டியது அம்மா இல்லை.

(ஒப்பம்) ரோவினா ஹாஸ்கெட்