‘அவர்களை’ என்று நான் சேர்த்து எழுதியது

பெயர்: லெனோரா ஜேன் பிட்னர். வயது: 16. தந்தை பெயர்: வெர்ன் பிட்னர். பதினொன்றாம் வகுப்பு மாணவி. முகவரி: 418, டேனர் தெரு, காலிடன், ஓஹையோ மாநிலம். மேற்படி முகவரியில் பெற்றோருடன் வசித்து வருகிறேன்.

இந்த வாக்குமூலத்தை அக்டோபர் 19, திங்கட்கிழமை காலை 9.40 மணிக்கு, துப்பறியும் அதிகாரி திருமதி டானா ஓக்லி கேட்க, என் தாயார் காரல் பிட்னர் உடனிருக்க, நானே என் கையால் எழுதித் தருகிறேன்.

இது எனது இரண்டாவது வாக்குமூலம். கடந்த வெள்ளிக்கிழமை பள்ளி அலுவலகத்தில் ஒரு பக்கத்தின் நகலைக் காட்டி, இது உன் கையெழுத்தா என்று கேட்டபோது ஆம் என்றேன். கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் அதில் எழுதியிருப்பது நடந்தது அல்ல. அந்தப் பக்கத்தை வைத்தே திரு. அட்னான் ஹம்தான், வயது 63, மூன்று நாட்களாக மாவட்டச் சிறையில் இருக்கிறார். இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அவரை நீதிபதி முன் நிறுத்துகிறார்கள். அதற்கு முன் இது அங்கே போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மாநிலச் சட்டசபைத் தொகுதிக்கான வேட்பாளர் விவாதம் நடந்தது. வேட்பாளர்கள் இருவர். ஒருவர் திரு. க்ளென் ஹோல்பர்ட், மரக்கடை உரிமையாளர். மற்றவர் திருமதி ரீமா ஹம்தான், மில் தெரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். திரு. அட்னான் ஹம்தான் அவருடைய தந்தை, டயர் கடை நடத்துபவர். விவாதத்தை நடத்திய பெண்கள் சங்கத்தார் நடவடிக்கைக் குறிப்பு எழுத என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நடுவர் திருமதி ப்ரூயிட் எனக்குச் சொல்லியிருந்த விதி ஒன்றுதான்: ஒலிபெருக்கியில் பேசுவதை மட்டும் எழுத வேண்டும், மற்றவற்றை எழுதக் கூடாது.

விவாதத்துக்காக நான் ஆறு வாரங்களாகத் தயார் செய்திருந்தேன். இரு வேட்பாளர்களின் பேச்சுகளையும் படித்தேன். திருமதி ஹம்தானின் குடும்பம் லெபனானிலிருந்து வந்தது என்பதால் நூலகத்திலிருந்து அரபி இலக்கண நூல் ஒன்றையும் சிறு அகராதி ஒன்றையும் எடுத்துப் படித்தேன். அப்படிப் படிக்கும்படி யாரும் சொல்லவில்லை. அன்று அகராதி என் பைக்குள் இருந்தது.

முதல் அரை மணி நேரம் சாலைகளையும் பள்ளி வரியையும் பற்றிப் பேசினார்கள். அதன் பிறகு திரு. ஹோல்பர்ட் எழுந்து நின்று சொன்னது என் குறிப்பேட்டில் உள்ளபடி: “நான் யாரையும் தப்பா சொல்லல, நண்பர்களே. அவங்க வீட்டுச் சமையல்னா எனக்கு உயிரு. ஆனா பதவி ஏத்துக்கிறப்ப எந்தப் புத்தகத்து மேல கை வைப்பீங்கன்னு கேக்க எனக்கு உரிமை இருக்குல்ல?”

கூட்டத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள். திருமதி ஹம்தான், “எந்தப் புத்தகத்து மேல வெச்சாலும் கை என்னோடதுதான். பாலத்தைப் பத்திக் கேளுங்க, மிஸ்டர் ஹோல்பர்ட். ரெண்டு வருஷமா மூடிக் கிடக்கு” என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், “நீ வந்த ஊருக்கே போ!” என்று கத்தினார். திருமதி ஹம்தான், “மில் தெருவுக்குத்தானே? விவாதம் முடிஞ்சதும் போறேன், நடந்தே போயிடலாம்” என்றார். சிலர் சிரித்தார்கள். அதன் பிறகு இடதுபக்கத்தில் சில ஆண்கள் ஆடு கத்துவதுபோல் கத்தினார்கள். ஒருவர் தொழுகைக்கு அழைப்பதுபோல் இழுத்துப் பாடினார். அவர் எங்கள் தேவாலயத்துப் பாடகர் குழுவில் இருப்பவர், நல்ல குரல். திருமதி ப்ரூயிட் மணியடித்து, “இது சபை, மாட்டுச் சந்தை இல்ல, உக்காருங்க!” என்றார். திரு. ஹோல்பர்ட் தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் குடித்தார். அதில் தண்ணீர் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அதன் பிறகு பத்து நிமிட இடைவேளை விட்டார்கள். திருமதி ஹம்தான் மேடையை விட்டு இறங்கியபோது அவர் தந்தை முதல் வரிசையிலிருந்து எழுந்து வந்தார். ஆட்கள் கத்திய இடதுபக்கத்தை ஒரு முறை பார்த்தார், பிறகு மகளைப் பார்த்துத் தன் மார்பில் கையை வைத்து ஒரே ஒரு சொல் சொன்னார். நான் அவரிடமிருந்து ஆறடி தூரத்தில் இருந்தேன். எனக்குக் கேட்டது ‘தோபிரீனி’ என்பது. நடுவில் தொண்டையில் ஓர் அடைப்பு இருந்தது. எழுத்தில் ‘க’ போன்று வரும் ஒலியை அந்த நாட்டு மக்கள் பேச்சில் அப்படி விழுங்குவார்கள் என்று படித்திருந்ததால், அந்த ஒலியைத் திரும்பச் சேர்த்து அகராதியில் தேடினேன். ‘கப்ர்’ என்றால் கல்லறை என்றும், அதன் வினைச்சொல் புதைத்தல் என்றும் இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அதன் பிறகு நான் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதியது இது: ‘வேட்பாளரின் தந்தை, அரபியில்: அவர்களைப் புதைப்பேன்.’

அவர் அந்தப் பக்கம் பார்த்தார் என்பதாலும், வாக்கியம் முழுதாக இருக்க வேண்டும் என்பதாலும் ‘அவர்களை’ என்பதை நானாகச் சேர்த்தேன். ‘புதைப்பேன்’ என்று முடித்ததும் நான்தான்.

விவாதம் முடிந்ததும் என் சித்தப்பா ரஸ் பிட்னர் என்னிடம் வந்தார். அவர் திரு. ஹோல்பர்ட்டுக்காக வீட்டு முற்றங்களில் தேர்தல் பலகை நட்டு வருபவர். “எங்கே, நம்ம வீட்டு வக்கீலம்மா என்ன எழுதியிருக்காங்கன்னு பார்க்கலாம்” என்று குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தி, “இது நிஜமா, லெனி? உனக்கு அந்தப் பாஷை தெரியுமா?” என்றார். ஓரளவு தெரியும் என்றேன். படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை அந்தப் படம் இணையத்தில் வந்தது. வகுப்பில் எல்லோர் தொலைபேசியிலும் என் கையெழுத்து இருந்தது. வியாழக்கிழமை அது துண்டுப் பிரசுரமாக வீடுகளுக்கு வந்தது, மேலே ‘நம்மைப் புதைக்கப் போகிறார்களாம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அன்று மாலை திரு. ஹம்தானின் டயர் கடையின் முன் கண்ணாடியை உடைத்தார்கள். அதைப் பற்றிப் புகார் கொடுக்க அவர் வெள்ளிக்கிழமை காலை இதே காவல் அலுவலகத்துக்கு வந்தார் என்றும், அப்போது பொதுமக்களை மிரட்டியதாக அவரையே கைது செய்தார்கள் என்றும் அறிந்தேன். அதன் பிறகுதான் பள்ளியில் என்னிடம் முதல் வாக்குமூலம் வாங்கினார்கள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் தாயாரின் இரத்த அழுத்த மாத்திரை வாங்க மில் தெரு மருந்துக்கடைக்குப் போனேன். வேறு கடையும் உண்டு. நான் இங்கேதான் போனேன். திருமதி ஹம்தான் முகப்பில் நின்று மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் இருந்தவர், அவரைப் பார்த்ததும் வேறு ஆள் வரட்டும் என்று ஒதுங்கி நின்றார். என் முறை வந்ததும், உங்கள் தந்தை அன்று சொன்ன சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டேன்.

அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. “நீதானே அந்தப் பொண்ணு?” என்றார். ஆம் என்றேன்.

“‘நீ என்னைப் புதைக்கணும்’னு அர்த்தம். அப்பாதான் முதல்ல போகணும், பிள்ளை சாவை அவர் பார்க்கக் கூடாதுன்னு. நான் சட்டைக்குப் பொத்தான் சரியா போட்டாக்கூட அதைத்தான் சொல்வார். தட்டை வழிச்சுச் சாப்பிட்டா சொல்வார். எங்க வீட்டுல அதைச் சொல்லாம ஒரு நாள் விடியாது. நீ என்ன எழுதினே?”

“அவர்களைப் புதைப்பேன்னு.”

“அவர்கள்னு யாரு சொன்னா?”

“நான்தான்.”

அவர் மாத்திரைகளைப் புட்டியில் கொட்டி, சீட்டு ஒட்டி, பையில் போட்டுக் கொடுத்தார். “உணவுக்கு அப்புறம் ஒண்ணு. இங்கே கையெழுத்துப் போடு” என்றார். நான் போட்டேன். அதன் பிறகு என்னைத் தாண்டிப் பார்த்து, “அடுத்து யாரு?” என்றார். இதைத் திருத்திச் சொல் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. அவர் சொல்லி நான் இங்கே வரவில்லை என்பது தெரிவதற்காக இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து இலக்கண நூலைத் திறந்தேன். அந்த மொழியில் ‘நான் புதைப்பேன்’ என்றால் சொல் ‘அ’ ஒலியில் தொடங்க வேண்டும். ‘த’ ஒலியில் தொடங்கினால் ‘நீ’. ‘னி’ என்று முடிந்தால் ‘என்னை’. இது மூன்றாம் பாடத்தில் இருக்கிறது. மூன்றாம் பாடத்தை நான் செப்டம்பரிலேயே முடித்துப் பயிற்சிக் கேள்விகளுக்கும் விடை எழுதியிருந்தேன். செவ்வாய்க்கிழமை அது என் நினைவுக்கு வரவில்லை. நூலும் என் விடைத்தாள்களும் இத்துடன் ஒப்படைக்கப்படுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து சித்தப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இறைச்சியை அறுத்து முடித்ததும் நான் எழுதியது தவறு என்று எல்லோரிடமும் சொன்னேன். சித்தப்பா, “நீ எழுதினதைத்தான் போட்டேன். ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல” என்றார். அது உண்மை. நான், “அவர் மகளைக் கொஞ்சினார், சித்தப்பா” என்றேன். “கொஞ்சலோ கெஞ்சலோ. அந்தக் கூட்டம் மனசுல என்ன இருக்குன்னு ஊருக்கே தெரியும். நீ அதை எழுதிட்டே, அவ்வளவுதான்” என்றார். என் தந்தை, “தேர்தலுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கும்மா. அது முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். திரு. ஹம்தான் அதுவரை சிறையில் இருப்பாரா என்று கேட்டேன். உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு என்று என் தந்தை சித்தப்பாவிடம் சொன்னார்.

இன்று காலை ஏழரை மணிக்கு என் தாயார் என் அறைக்கு வந்து, “கோட்டைப் போட்டுக்கோ, வண்டியில இருக்கேன்” என்றார். பள்ளி இருக்கும் தெருவைத் தாண்டி நேராக இங்கே ஓட்டி வந்தார்.

மேலே உள்ளவரை எழுதி முடித்ததும் அதிகாரி ஓக்லி படித்துப் பார்த்தார். அதன் பிறகு, அன்று மாலை கூடத்தில் வேறு யாராவது மிரட்டலாகப் பேசிக் கேட்டாயா என்று கேட்டார். வழக்கமாக எல்லோரிடமும் கேட்கும் கேள்வி என்றார்.

கேட்டேன். ஆட்டுக் கத்தல் நடந்தபோது என் மேசைக்குப் பின்னால், நான்காவது வரிசையில் இருந்த ஒருவர், “இவங்களை எல்லாம் ஒரே படகுல ஏத்தி நடு ஏரியில கவுத்துட்டா தொல்லை தீரும். மொதல்ல அந்த டயர்க் கடைக்காரன். கல்லை நான் எடுத்துத் தர்றேன்” என்றார். ஆங்கிலத்தில் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது, புரிந்தது. அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அதை நான் எழுதவில்லை. ஒலிபெருக்கியில் பேசியதல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில நிமிடம் கழித்து இடைவேளையில் திரு. ஹம்தான் சொன்னதும் ஒலிபெருக்கியில் அல்ல. அதை எழுதினேன்.

அவர் பெயர் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். என் தாயார், “லெனி” என்றார். பிறகு தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பேசாமல் இருக்கும்படி அவர் சொல்லவில்லை.

அவர் பெயர் ரஸல் பிட்னர், வயது 41, என் தந்தையின் உடன்பிறந்த தம்பி.

இந்த நான்கு பக்கங்களையும் யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தையும் உரக்கப் படித்துக் காட்டி, என் தாயார் கேட்க ஒப்புக்கொண்டேன். இதில் உள்ள அனைத்தும் நான் கண்டதும், கேட்டதும், செய்ததும் ஆகும். தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் திரு. ஹம்தான் முன்னிலையிலும் என் சித்தப்பா முன்னிலையிலும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்) லெனோரா ஜேன் பிட்னர்
(ஒப்பம்) காரல் பிட்னர், தாயார்
பெற்றுக்கொண்டவர்: டானா ஓக்லி, துப்பறியும் அதிகாரி
நேரம்: காலை 11.25