காஜா பேசாத கூட்டம்

கோயம்புத்தூரிலிருந்து பெருங்களத்தூர் வந்து இறங்க பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் ஆகிறது, சார். இடுப்பு விட்டுப்போகும். கல்யாணமாகி அங்கே போன என் மகள் அனம் இரண்டு வருடமாக வரவில்லை. அதைத்தான் காரணமாகச் சொன்னாள்.

தனியார் கம்பெனி ஒன்று போடவிருக்கும் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு என்னோடு இருப்பாள். தண்டவாளம் எங்கள் தெரு வழியாகப் போகிறது, வீடு போய்விடும். தாம்பரத்தில் வாடகைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"நாப்பது குடும்பம் என்னை நம்பிகினு கீது, சாஹிரா. ரயிலு வேற பக்கமா போவட்டும்" என்றார் என் கணவர் காஜா. எதிர்ப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆறு மாதம் அலைந்து மாற்றுத் தடத்துக்கு வரைபடம் தயாரித்திருந்தார். அவர் பேசினால் அதிகாரிகள் கேட்பார்கள். ரயில் இன்னும் பத்து வருடம் தள்ளிப்போகும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ரமலானில் வந்தது. அவர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். டாக்டர் சொன்னதால் நோன்பு வைப்பதில்லை. ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அன்று ஊசி போட்டதும், "நேரமாச்சுங்க, மண்டபத்துல போய் சாப்பிட்டுக்கலாம்" என்றேன். டிபன் டப்பாவை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். மறதியில்லை, சார்.

மண்டபத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது, நாக்கு குழறியது. பக்கத்து வீட்டு அரிகிருஷ்ணன் டீயோடு வந்தார்.

"இன்னா காஜா, இப்டி வேர்த்துகினு கீற? மைக்க பாத்து பயமா? இந்தா, குடி."

"அவருக்கு நோன்புண்ணே" என்றேன்.

பதறிப்போய் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "மன்னிச்சிடும்மா. பாவம் பண்ண இருந்தேன்."

வரிசை முழுக்கப் போய்ச் சொன்னார். நல்ல மனிதர்கள். அதன்பிறகு என் கணவர் எதிரே யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் உதடு அசைந்தது. சர்க்கரைதான் கேட்டார். துஆ ஓதுகிறார் என்றேன். தலை சாய்ந்தது. களைப்பு, தூங்கட்டும் என்றேன். பேச அவர் பெயரைக் கூப்பிட்டபோது அவர் எழவில்லை.

மயங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன் என உங்களிடம் சொல்லலாம். ஆனால் அவர் கை சில்லிட்டுப் போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அடக்கத்துக்கு அனம் விமானத்தில் வந்தாள். ஒரு மணி நேரம்தான் ஆனதாம். அன்று சாயங்காலமே திரும்பிவிட்டாள்.

ரயில் வந்துவிட்டால் அடிக்கடி வருவாள், சார்.