மூன்றாவது மூடி

என் பேச்சுக்கு மணியடிக்க விரலை இப்போதே மணியின் மேல் வைத்திருக்கும் நடுவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் செண்பகராஜ் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, மன்றத்தின் கைதட்டலையெல்லாம் அள்ளிக்கொண்டு, ஒலிபெருக்கியை மட்டும் எனக்கு மிச்சம் வைத்துப் போயிருக்கும் எதிரணித் தலைவர், தீப்பெட்டி ஆலை நடத்தும் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதிர்ந்த பெரியோர்களே! வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் உட்கார மாட்டோம் என்று கடைசியில் கைகட்டி நிற்கும் கரிசல் காட்டு விவசாயிகளே! எல்லாருக்கும் சுதாராணியின் பணிவான வணக்கம்.

கடைசியில் நிற்பவர்கள் ஏன் உட்காரவில்லை என்பது எனக்குத் தெரியும். எப்போதும்வென்றான் சாலையில் உள்ள ஓர் ஊரிலிருந்து மினிவேன் பிடித்து வந்திருக்கிறார்கள். என் தமிழைக் கேட்க அவர்கள் வரவில்லை. பூச்சிமருந்தில் தண்ணீர் கலந்து விற்றவள் இன்றைக்கு மேடையேறி என்னதான் பேசுகிறாள் பார்ப்போம் என்று வந்திருக்கிறார்கள். ஆமாம், சபையோரே. இந்த ஊர்க் கடைவீதியில் பதினைந்து ஆண்டுகளாக விதையும் மருந்தும் விற்கிற எனக்கு, இந்த ஒரு மாதமாக அதுதான் பெயர். அந்தப் பெயரைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மேடைக்கு வந்து பரிணாமம் பேச எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் என் வழக்கும் இந்த மன்றத்தின் வழக்கும் ஒரே வழக்கு!

சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி என்ன கேட்டார்கள்? "உயிர்கள் மாறி மாறி வந்தன என்கிறீர்களே, மாறியதைப் பார்த்தவர் யார்? தேதி உண்டா? இடம் உண்டா? சாட்சி உண்டா? அன்று படைத்தபடியே இன்றும் புழு புழுதான், பூச்சி பூச்சிதான்" என்று முழங்கினார்கள். நீங்கள் தட்டினீர்கள். நானும் தட்டினேன். கேள்வி நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு நாணாமல் பதில் சொல்ல வேண்டும்.

பார்த்தவள் நான். தேதி, சென்ற ஐப்பசி இருபத்தெட்டு. இடம், என் கடையின் மேசை. சாட்சி, நாற்பது காகிதக் கப்புகள்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு என் கடைக்கு வந்தவர்களும் சிரித்தார்கள். "ஏக்கா, மருந்துக்கடைய மூடிட்டு டீக்கடை போட்டுட்டியா?" என்றார்கள். கப்புக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நம் பக்கத்தில் மக்காச்சோளத்துக்குப் படைப்புழு வந்தது உங்களுக்குத் தெரியும். குருத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, இலையைச் சல்லடையாக்கி, பயிரின் உயிரையே குடிக்கும் புழு. மூன்று வருடத்துக்கு முன்னால், அதோ கடைசியில் தலைப்பாகையோடு நிற்கிறாரே, மாடக்கண்ணு அண்ணாச்சி, அவர் என் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, டேங்குக்கு எத்தன மூடி?"

மருந்துப் பாட்டிலின் மூடிதானே நமக்கு அளவுக் கருவி! "ஒரு மூடி போதும் அண்ணாச்சி" என்றேன். மூன்றாம் நாள் முகமெல்லாம் பல்லாக வந்தார். "குருத்தப் பிரிச்சுப் பாத்தா ஒண்ணுங் கெடையாது தங்கச்சி. அம்புட்டும் க்ளோசு!"

அடுத்த வருடம் வந்தார். "அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு நெளியுதே." ஒன்றரை மூடி ஊற்றச் சொன்னேன். அதற்கடுத்த வருடம் இரண்டு மூடி. இந்த வருடம் மூன்று மூடி ஊற்றி, மூன்று தடவை அடித்துவிட்டு, தெளிப்பான் தூக்கிய தோளோடு நேரே கடைக்கு வந்து நின்றார்.

"மூணு மூடி ஊத்துதேன். புழு குளிச்சுட்டு வந்த மாதிரில்லா தெளிச்சியாத் திரியுது! என்ன எழவ விக்குதே நீ?"

சொன்னீர்களா இல்லையா அண்ணாச்சி? தலையாட்டுகிறார். சொன்னாராம். நல்லது.

அதன் பிறகு ஊர் கூடியது. ஊரின் கணக்கு எளிமையான கணக்கு. புழு சாகவில்லை; ஆகவே மருந்து சரியில்லை. மருந்து சரியில்லை, ஆகவே விற்றவள் சரியில்லை. மருந்தை எடுத்து முகர்ந்தார்கள். பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார்கள். லேபிளைச் சுரண்டிப் பார்த்தார்கள். என்னையும் ஏற இறங்கப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் பார்த்தார்கள். யாரும் பார்க்காதது ஒன்றே ஒன்று. புழு!

ஏன் பார்க்கவில்லை? புழு மாறும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நேற்றைய புழுதான் இன்றைய புழு என்று எல்லாரும் நம்பினார்கள். சபையோரே, இங்கேதான் நான் நடுவரைக் கெஞ்சிக் கேட்கிறேன், மணியை அடித்துவிடாதீர்கள். புழு மாறவே மாறாது என்பது உண்மையானால், மாறியது மருந்தாகத்தான் இருக்க வேண்டும். மருந்து மாறியிருந்தால் மாற்றியது நானாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே எதிரணியின் வாதம் வென்றால், இந்த மேடையிலிருந்து நான் இறங்கும்போது பேச்சாளராக இறங்க மாட்டேன், திருடியாகத்தான் இறங்குவேன்!

உங்களுக்கு இது ஒரு மாலைப் பொழுதின் விவாதம். எனக்கு இது மானம்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலில் என்னை நிறுத்தினார்கள். தாம்பாளத்தில் சூடத்தை ஏற்றினார்கள். "கலப்படம் இல்லன்னா கைய வச்சு அணைச்சிட்டுப் போ. அஞ்சு நிமிச சோலி. அதுக்கு மேல ஒருத்தனும் ஒன்ன ஒண்ணுஞ் சொல்ல மாட்டான்" என்றார்கள். நான் கையை நீட்டினேன். பிறகு இழுத்துக்கொண்டேன். அணைக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற கூட்டம் பெருமூச்சு விட்டது. பார்த்தியா, பயந்துட்டா என்றது. வருகிற செவ்வாய்க்கிழமை வரை கெடு கொடுத்தது. அதற்குள் சூடம் அணைக்காவிட்டால் என் கடை வாசலை அந்த ஊர்க்கால் ஒன்றும் மிதிக்காது.

ஏன் அணைக்கவில்லை? சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் கப்புகளைக் காட்டிவிடுகிறேன்.

மாடக்கண்ணு அண்ணாச்சி காட்டுக்குப் பக்கத்தில் பாலம்மாள் அக்காவுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஆட்டுக்குத் தீவனம் என்று அதே நாளில் அதே சோளத்தை விதைத்தவர். ஆடு தின்பதற்கு மருந்து எதற்கு என்று ஒரு சொட்டுக்கூட அடிக்காதவர். மூன்று தடவை அடித்த காட்டில் மிஞ்சிய புழு இருபது எடுத்தேன். மருந்தே படாத துண்டில் இருபது எடுத்தேன். ஒரே பருமன், ஒரே நீளம். ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் கப்புக்கு ஒன்று. வாய்க்கு வலைத்துணி, இழுத்துக் கட்ட ரப்பர். ஒரே இலை, ஒரே பாட்டில், ஒரே மூடி அளவு. மருந்தில் தண்ணீர் கலந்திருந்தால் நாற்பதும் பிழைக்க வேண்டும். மருந்து நல்ல மருந்தானால், புழு பழைய புழுவேயானால், நாற்பதும் சாக வேண்டும். சரிதானே?

இரண்டு நாள் கழித்துத் துணியைப் பிரித்தேன். பாலம்மாள் அக்கா நிலத்துப் புழுவில் பதினேழு செத்துக் கிடந்தன. மாடக்கண்ணு அண்ணாச்சி காட்டுப் புழுவில் செத்தது நான்கு. மிச்சம் பதினாறும் மருந்து தடவிய இலையைத் தின்று முடித்துவிட்டு அடுத்த இலைக்குத் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தன!

மருந்து மாறவில்லை, மக்களே. புழு மாறியிருந்தது.

எப்படி மாறியது? மருந்தைக் குடித்துப் பழகியா? இல்லை. முதல் வருடம் அந்தக் காட்டில் ஆயிரம் புழு இருந்தால், அதில் ஐந்தோ ஆறோ பிறக்கும்போதே அந்த மருந்தைத் தாங்கும் உடம்போடு பிறந்தவை. மிச்சத்தை நாம் கொன்றோம். அந்த ஐந்தாறும் அந்துப்பூச்சியாகிப் பறந்து முட்டையிட்டன. அடுத்த தலைமுறையில் தாங்கும் புழு ஐம்பது. நாம் ஒன்றரை மூடி ஊற்றினோம். அடுத்தது ஐந்நூறு. இரண்டு மூடி ஊற்றினோம். தாங்காததைக் கொன்று, தாங்குவதை வளர்த்து, பொறுக்கி, பெருக்கி, நம் கையாலேயே நாம் ஒரு புதுப் புழுப் பரம்பரையை உண்டாக்கினோம். இயற்கைத் தேர்வு என்று புத்தகத்தில் இருப்பது இதுதான். அதை நாம் டேங்கில் கலக்கித் தோளில் சுமந்தோம்.

இப்போது சூடத்துக்கு வருகிறேன்.

நான் விலங்கியல் பட்டம் பெற்றவள். இறுதியாண்டுத் தேர்வில் இயற்கைத் தேர்வு பத்து மதிப்பெண் கேள்வி. பக்கம் பக்கமாக எழுதினேன், படம் போட்டேன், பச்சை மையில் அடிக்கோடிட்டேன். ஒன்பதரை கொடுத்தார்கள். அந்த ஒன்பதரையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுக் கடையைத் திறந்தேன். ஒரு மனிதர் நாலு வருடமாக என் முன்னால் வந்து நின்று, தங்கச்சி, சாக மாட்டேங்குது, சாக மாட்டேங்குது என்று அந்தப் பாடத்தையே எனக்கு ஒப்பித்தார். நான் அதைக் காதில் வாங்கினேனா? "மூடியக் கூட்டுங்க அண்ணாச்சி" என்றேன். இரண்டாவது மூடியைச் சொன்னது யார்? நான். மூன்றாவது மூடியைச் சொன்னது யார்? நான். மருந்தை மாற்றுங்கள், ஒரு தடவை அடிக்காமல் விடுங்கள், வேறு வழி பாருங்கள் என்று சொல்ல வேண்டிய வாய் எது? இந்த வாய்!

கலப்படம் செய்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. ஆயிரம் முறை இல்லை. எந்த ஆய்வகத்துக்கு வேண்டுமானாலும் பாட்டிலை அனுப்புங்கள். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்காகச் சூடத்தை அணைத்தால், இவள் குற்றமற்றவள் என்று ஊர் என்னை விட்டுவிடும். நானும் வீட்டுக்குப் போய்விடுவேன். மறுநாள் நீங்கள் நான்காவது மூடியை ஊற்றுவீர்கள். அந்தச் சுடர் மீது கையை வைத்தால் கை சுடும் என்று நான் இழுக்கவில்லை. பாதி உண்மையை முழு உண்மையாக்கி அம்மனிடம் ஒப்படைக்க எனக்குக் கை வரவில்லை.

என்ன அண்ணாச்சி? சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி எழுந்து ஏதோ கேட்கிறார்கள். மன்றம் கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும். "எம்மா, எல்லாஞ் சரி. அப்பவும் புழு புழுவாத்தான இருக்கு? காக்காயா மாறிட்டா?" என்கிறார்கள். கைதட்டல் அவருக்குத்தான். மறுபடியும் நல்ல கேள்வி.

மாறவில்லை அண்ணாச்சி. நாலு வருடத்தில் புழு காக்கையாகும் என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. நம் கரிசலில் ஒரு மழை பெய்தால் மண் சாண் ஆழம் அரிக்கும். சாண் பள்ளத்தைக் காட்டி, இது ஓடை இல்லையே என்று நீங்கள் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் பஸ் ஒன்று கவிழ்ந்தால் வெளியே தெரியாத அளவு ஆழமான ஓடைகள் இந்தப் பக்கம் கிடக்கின்றனவே, அவற்றை வெட்டியது யார்? அதே மழை. அதே சாண். ஆனால் ஆயிரமாயிரம் ஆண்டுகள்! நான் கண்டது ஒரு மழை. ஓடை முழுவதற்கும் சாட்சி பாறையில் பதிந்த எலும்பிலும், உயிருக்கு உயிர் ஒத்துப்போகும் உடம்பின் அமைப்பிலும் இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் படித்துச் சொல்கிறார்கள். நான் கண்டதை மட்டும் நான் சொல்கிறேன். அதைக் காணவில்லை என்று சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன்!

தெய்வத்தோடு எனக்கு வழக்கில்லை. செவ்வாய் வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறவள் நான். அம்மன்தான் புழுவைப் படைத்தாள் என்கிறீர்களா? சொல்லுங்கள். அதை மறுக்க என்னிடம் கப்பு இல்லை. ஆனால் படைத்த அன்றோடு அவள் கையைக் கட்டிக்கொண்டுவிட்டாள், இனி எதுவும் மாறாது என்று அவளுக்காக நீங்கள் பேசாதீர்கள். அவள் காடு கண்முன்னால் மாறிக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடுவது பக்தி என்றால் அந்தப் பக்தி எனக்கு வேண்டாம். அதனால் கடை போனால் போகட்டும். பெயர் போனால் போகட்டும். நான்காவது மூடியை மட்டும் என் வாயால் சொல்ல மாட்டேன்!

நடுவர் ஐயா, மணி கேட்டது. இரண்டே நிமிடம்.

அங்கே மாடக்கண்ணு அண்ணாச்சி கையைத் தூக்குகிறார். பேசுங்கள் அண்ணாச்சி, சத்தமாக. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் அப்படியே சொல்கிறேன்: "நீ ஒத்தையில செஞ்சத நான் எப்பிடி நம்புவேன்? கப்பும் ஒன்னோடது, மருந்தும் ஒன்னோடது. சூடமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ரெண்டு நா முந்தியே மருந்து தடவி வச்சு, செவ்வாக்கெழம எங் கப்ப நான் கொண்டாருதேன். மருந்து வேற கடையில நான் வாங்குதேன். புழுவ எங் கையால நான் பொறுக்குதேன். நீ தொடவே கூடாது!"

கேட்டீர்களா சபையோரே? என்னை அவர் நம்பவில்லை. நம்பவே வேண்டாம் அண்ணாச்சி! உங்கள் சந்தேகத்துக்கு இந்த மேடையிலிருந்து கும்பிடு போடுகிறேன். ஒரு மாதமாகப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் இன்றைக்குப் புழுவைப் பார்க்கிறேன் என்கிறார். சான்று கேட்பவர் சான்றைத் தன் கையால் எடுக்க வருகிறார். எனக்கு இதற்கு மேல் என்ன வெற்றி?

வருகிறேன். செவ்வாய்க்கிழமை, அதே கோயில் வாசல். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். நாற்பதும் பிழைத்தாலும் சரி, நாற்பதும் செத்தாலும் சரி, நான் சொன்னது தவறு. அன்றே கடையைப் பூட்டிச் சாவியை அந்தத் தாம்பாளத்தில் வைக்கிறேன். அண்ணாச்சி காட்டுப் புழு பிழைத்து, பாலம்மாள் அக்கா நிலத்துப் புழு செத்தால், சூடத்தை ஏற்றுங்கள். நான் அணைக்கிறேன். கலப்படம் செய்யவில்லை, மூடியைக் கூட்டியது நான்தான் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி அணைக்கிறேன். சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி, சாட்சி கேட்டீர்களே, நீங்களும் வாருங்கள். தீக்குச்சி உங்களுடையதாகவே இருக்கட்டும்!

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், மணியடித்தும் விட்டுப்பிடித்த நடுவருக்கும், கடைசிவரை உட்காராமலே நின்று கேட்ட கரிசல் காட்டு விவசாயிகளுக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை புழு பேசும். அதுவரை எல்லாருக்கும் என் வணக்கம்.