ஒரே பெஞ்சில் நாலு பேங்க்

அம்சா: அதெல்லாம் இருக்கட்டும் சைதூன்க்கா. பையும் குடையுமா ஒருத்தரு உன் ஆப்பக் கடையில ரெண்டு மணி நேரமா குந்திகினு இருந்தாரே... யாரு? பொண்ணு பாக்க வந்தவரா?

சைதூன்: மொதல்ல மீன் கூடைய எறக்குடி. மாவலிபுரத்துத் தண்ணியெல்லாம் என் வாசல்ல சொட்டுது. அவரு மெட்ராஸ் சர்வே ஆபீசரு, கோபாலகிருஷ்ணன். பேங்குங்களுக்குள்ள போட்டி கீதா இல்லியான்னு நாடு பூரா அளக்கறாங்களாம்.

அம்சா: போட்டியையா? இன்னா, டேப்பு வெச்சா?

சைதூன்: நம்பருடி. ஊரு டெபாசிட்டுல நூத்துக்கு எத்தினி பங்கு ஒரு பேங்கு கையில கீதோ, அதை அதாலயே பெருக்கி, எல்லாத்தையும் கூட்டணுமாம். ஒரே பேங்குன்னா பத்தாயிரம். நாலு பேங்கு சமமா வெச்சிருந்தா ரெண்டாயிரத்து ஐந்நூறு. நம்பரு கொறைஞ்சா போட்டி ஜாஸ்தி.

அம்சா: அப்போ நம்ம செங்கல்பட்டு...

சைதூன்: நாலு பேங்கு, ஏறக்குறைய சமம். 'நல்ல போட்டிம்மா'ன்னு எழுதிட்டு ஆப்பத்துல கைய வெச்சாரு. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது.

அம்சா: இதுல இன்னா சிரிப்பு?

சைதூன்: போன மாசம் வரைக்கும் நாலு மானேஜரும் இதே பெஞ்சுல ஒண்ணாதானே நாஸ்தா துன்னாங்க? கிரைண்டர் லோனுக்கு நாலு பேங்கும் ஏறி எறங்கினேன். எழுத்து மாறாம ஒரே பதில்... 'ஆம்பள யாருனா ஜாமீன் போட்டா பாக்கலாம்.' புருசன் மவுத்தாகி ஆறு வருசம், நான் எங்க போவேன்? 'போர்டு நாலு, வாய் ஒண்ணு சார். பத்தாயிரம்னு எழுதுங்க'ன்னேன்.

அம்சா: அடிச்சு எழுதினாரா?

சைதூன்: பேனாவத் தொறந்தாரு... நாலு மானேஜரும் உள்ள வந்தாங்க. ஒருத்தரு ஜன்னலோரம், ஒருத்தரு பானைகிட்ட, ஒருத்தரு படியில. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல! நாலாவது ஆளு, அந்த சைவக்கார மானேஜரு, லோன் பாரத்த நீட்டி, 'ஜாமீனே வேணாம்மா, கையெழுத்துப் போடு'ங்கறாரு.

அம்சா: போட்டியா?

சைதூன்: போட்டாச்சு. நாளான்னைக்கு கிரைண்டர். இனிமே ஆட்டுக்கல்லோட மல்லுக்கட்ட வேணாம்.

அம்சா: அப்பாடா... தோள்பட்ட தேஞ்சு போச்சே உனக்கு.

சைதூன்: ஆபீசருக்குதான் பேஜாரு. 'ஒரே மாசத்துல போட்டி எங்கேர்ந்தும்மா வந்துது'ங்கறாரு. பஸ் ஸ்டாண்டு பேங்கு எனக்கு ரகசியமா லோன் குடுத்துட்டதா எவளோ புரளி கெளப்பிட்டாளாம். அந்த பேங்கு மானேஜரு இல்லேன்னு சத்தியம் பண்ணியும் மத்த மூணு பேரும் நம்பல. லோன் குடுக்கற எடம்னு பஜார் டெபாசிட்டெல்லாம் அங்க போயிடுமோன்னு பயம்.

அம்சா: புரளியா? நெசந்தானேக்கா அது... இல்ல, யாரோ பேசிக்கினாங்க.

சைதூன்: யாரோவா... சைவக்காரரு வூட்டுக் கொல்லையில தெனம் அரை மணி நேரம் நிக்கறியாமே? அங்க யாருடி மீன் வாங்கறா?

அம்சா: தண்ணி குடிக்கப் போனேன்க்கா... சரி, மன்னிச்சுக்க. உனக்கு லோன் ஆயிட்டுதேன்னு சந்தோசத்துல வாய் நிக்கல. நாலு மானேஜர் வூட்லயும் சொல்லிட்டேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீ சத்தியம் வேற வாங்கினியே...

சைதூன்: பஸ் ஸ்டாண்டு பேங்கு எனக்குக் காலணா குடுக்கலடி. சேதி நாலு வூட்டுக்கும் போய்ச் சேரணுமேன்னுதான் உன்கிட்ட மட்டும் சொல்லி, சத்தியமும் வாங்கினேன்.