பகையாளியே சாட்சி

தலைமை ஏற்றிருக்கும் விவசாயிகள் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் இடம்பிடித்த பெரியவர்களே, இடம் கிடைக்காமல் முறைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் சங்கச் செயலாளர் போய்விட்டார். சங்கப் பதிவில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. நமக்கு அவர் கோந்து அண்ணன். ஏன் கோந்து? மானிய அலுவலகத்தில் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தாரென்றால், நம் வேலை முடியாமல் அவர் நாற்காலியை விடமாட்டார். நாற்காலியும் அவரை விடாது!

பயிர் மானியம் வேண்டுமென்றால், “இந்த வயலில் இவர்தான் விதைத்தார்” என்று பக்கத்து வயல்காரர் நேரில் வந்து சொல்ல வேண்டும். நாம் என்ன செய்தோம்? சிநேகிதனுக்குச் சிநேகிதன் சாட்சி சொன்னோம். விதைக்காதவனும் விதைத்ததாக வாங்கிக்கொண்டு போனான். ஒருநாள் அதிகாரி எல்லோரையும் சேர்த்து விரட்டினார்: “உங்க பேச்சை எவன்யா நம்புவான்?”

அப்போது அண்ணன் என்னைக் கூப்பிட்டார். “டேய், உன் பங்காளிக்கு நீ சாட்சி சொல்லு.”

“அவனுக்கா? என் வரப்பை வெட்டுறவன்ணே அவன்!”

“அதுக்குத்தான்டா. அவன் வயலை உன்னைவிட முறைச்சுப் பார்த்தவன் வேற யாரு?”

போனேன். “ஐயா, இவன் கஞ்சன். வாயைத் திறந்தா பொய். ஆனா சோளம் விதைச்சது நிசம். என் வரப்பையும் சேர்த்துல்ல விதைச்சிருக்கான்!” என்றேன். அதிகாரி சிரித்தே விட்டார். “பகையாளியே சொல்றான், அப்புறம் என்ன?”

வெளியே வந்ததும் பங்காளி வாய் திறந்தான், பல வருடத்துக்குப் பிறகு! “நல்லாத்தான் சொன்ன. கஞ்சன்னதுதான் அதிகம்.” அன்றிலிருந்து பேசுகிறோம். வரப்புத் தகராறு தீரவில்லை, அது வேறு கதை.

இப்படிச் சண்டைக்காரர்களாகப் பார்த்து ஜோடி சேர்த்தாரே, எத்தனை வயல் பிழைத்தது! எத்தனை வீட்டில் உலை கொதித்தது!

இன்று அவர் வீட்டு நிலை என்ன? இந்தப் பருவம் அண்ணன் படுக்கையில் கிடந்தார். உழுதது அண்ணி. விதைத்தது அண்ணி. அலுவலகம் என்ன சொல்கிறது? “விவசாயி இறந்துட்டாரு, மானியம் கிடையாது.” விவசாயி இறந்துவிட்டாரா? இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே! மானியம் வராவிட்டால் அடுத்த விதைப்புக்கு வழியில்லை, நிலம் தரிசுதான். விடலாமா?

திங்கட்கிழமை விசாரணை. நாம் எல்லோரும் போவோம். ஆனால் நாம் அண்ணனின் அன்பர்கள், நம் பேச்சு எடுபடாது. பகையாளி வேண்டும்! அண்ணனுக்கு ஏது பகையாளி என்கிறீர்களா? பொதுக்கிணற்றுத் தண்ணீர் முறைக்காக அவரோடு கடைசிவரை மல்லுக்கட்டிய பக்கத்து வயல்காரர் ஒருவர் இருக்கிறார். தலைவர் அவர்களே, ஏன் அவசரமாகத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?

போன வாரம்கூட என்னிடம் கத்தினீர்களே: “அந்தம்மா என் முறையிலயும் மடையைத் திறந்து சோளத்துக்குப் பாய்ச்சிடுச்சுடா!” அது போதும் ஐயா. கோபம் குறையாமல் அங்கே வந்து அப்படியே சொல்லுங்கள்.

தலையாட்டிவிட்டார்! எல்லோரும் பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா? அண்ணி, நீங்களும் அவரை முறைப்பதைத் திங்கட்கிழமைவரை நிறுத்தாதீர்கள்.

கோந்து அண்ணா, உங்கள் நாற்காலியில் அன்று அண்ணி உட்காருவார். வேலை முடியாமல் அவர் எழுந்திருக்க மாட்டார். பின்னால் நிற்கும் நாங்களும் நகரமாட்டோம்.