மழித்த காலும் மழிக்காத காலும்

லலிதா: ...அதான் கேக்கறேன். ஆத்துல நாய் கிடையாது, பூனை கிடையாது. பாத் டப்புல இவ்வளவு முடி ஏது?

பத்ரி: கதவைத் தட்டிட்டு வரக் கூடாதா நீ?

லலிதா: விரியத் திறந்து வெச்சிருந்தா எதைத் தட்டறது... ஏன்னா, அது என்ன கால்?

பத்ரி: என் கால்தான்.

லலிதா: ஒண்ணு உங்களோடது, தெரியறது. இன்னொண்ணு யாரோடது? வாழைத்தண்டு மாதிரி வழவழன்னு இருக்கே.

பத்ரி: ஷேவ் பண்ணிண்டேன். ரேஸ் சைக்கிள் ஓட்டறவா எல்லாரும் பண்ணிப்பா. அது ஒரு சம்பிரதாயம்.

லலிதா: நாப்பத்தாறு வயசுல ரெண்டாவது பூணூலா? இல்லை, ஒலிம்பிக்ஸ்ல கூப்பிட்டுட்டாளா? அதுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கே.

பத்ரி: கேலி பண்ணாதே. உன்கிட்ட மறைக்கறதா இல்லை. நாளைக்கு பெல்ஜியம் கிளம்பறோம், ஆபீஸ் கோஷ்டியோட. ஞாயித்துக்கிழமை பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஓட்டற ரேஸ். வருஷா வருஷம் ஏப்ரல்ல நடக்கும். முதல் நாள் சனிக்கிழமை அதே ரோட்டுல நம்மள மாதிரி ஆட்களை விடுவா.

லலிதா: உங்க பேங்க்ல பாதிப் பேரை வேலையை விட்டு ஆத்துக்கு அனுப்பிட்டா. மிச்சம் இருக்கறவா சைக்கிள் ஓட்டறேளாக்கும். பேர் குடுத்தாச்சா?

பத்ரி: குடுத்தாச்சு... நீ என்ன சொல்றே?

லலிதா: ரொம்ப நல்லது. போயிட்டு வாங்கோ.

பத்ரி: போயிட்டு வாங்கோவா?

லலிதா: என்ன முழிக்கறேள்?

பத்ரி: ஒண்ணுமில்லை... அது சாதாரண ரோடு இல்லை லலிதா. கருங்கல் பாவின ரோடு. எந்தக் காலத்துலயோ குதிரை வண்டிக்குன்னு போட்டது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு தினுசா துருத்திண்டு நிக்கும். மேல ஓட்டினா பல்லெல்லாம் ஆடிப் போயிடும்.

லலிதா: போன மாசம்தானே டென்டிஸ்ட்கிட்டப் போனேள்? கெட்டியா இருக்குன்னாரே.

பத்ரி: மேடு வேற. ஆர்ச்வே ஸ்டேஷன்லேர்ந்து நம்ம முருகன் கோயிலுக்கு ஏறறோமே, அதுக்கே எனக்கு மூச்சு வாங்கும். அந்த மாதிரி பத்துப் பதினஞ்சு மேடு, அதை விடச் செங்குத்தா. மழை பெஞ்சா சக்கரம் வழுக்கி அப்படியே...

லலிதா: மழை வரக் கூடாதுன்னு முருகனை வேண்டிக்கறேன்.

பத்ரி: வரலைன்னா அந்த ஊர்க்காராளுக்கு துக்கம். வெயில்ல ஜெயிச்சவனை அவ்வளவா மதிக்க மாட்டா. சேறு அப்பி மூஞ்சியே தெரியாம வந்து நிக்கணும். கீழ விழுந்து தோள் எலும்பு முறிஞ்சாலும் எழுந்து ஓட்டுவா. பாதியில நிறுத்தினா அவமானம்.

லலிதா: எவ்வளவு ரோஷக்கார ஊர். ரேஸரைக் குடுங்கோ இப்படி. கணுக்கால்ல கீறிண்டிருக்கேள் பாருங்கோ. அந்தக் காலை நீட்டுங்கோ, நான் பண்றேன்.

பத்ரி: எதுக்காகக் காலை மழிக்கறான்னு நீ கேக்கவே இல்லையே?

லலிதா: எதுக்காம்?

பத்ரி: விழுந்து தோல் உரிஞ்சா, கழுவி மருந்து போட சௌகரியம். பிளாஸ்திரியைப் பிச்சா முடியும் சேர்ந்து வராது. அதாவது, விழப்போறது நிச்சயம்னு தெரிஞ்சே பண்ற ஏற்பாடு இது. நன்னா யோசிச்சுப் பாரு.

லலிதா: முன்யோசனைக்காராதான். டெட்டாலும் பஞ்சும் பையில வெச்சுட்டேன்.

பத்ரி: எந்தப் பையில?

லலிதா: உங்க பையில. காலம்பரவே கட்டியாச்சு. ரெண்டு ஸ்வெட்டர், நார்த்தங்காய், அமிர்தாஞ்சன். நாளைக்குத் தயிர் சாதம் கலந்து வெச்சா முடிஞ்சது.

பத்ரி: காலம்பரயா? அப்போ உனக்கு... யார் சொன்னா?

லலிதா: யாரோ சொன்னா. ஆடாம இருங்கோ, அறுத்துடப் போறேன். நானும் பிரீத்தாவும் வரோம் தெரியுமோ? காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு பானர் எழுதிண்டிருக்கா உங்க பொண்ணு. மேட்டு உச்சியில நின்னு கை தட்டப் போறோம்.

பத்ரி: நீங்களுமா... உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா பதறிப் போயிடுவாளே?

லலிதா: போன்ல சொல்லிட்டேன். மாப்பிள்ளை இவ்வளவு சூரரான்னு பூரிச்சுப் போயிட்டா. இத்தனை நேரம் மயிலாப்பூர் பூரா தெரிஞ்சிருக்கும்.

பத்ரி: லலிதா... ரெண்டு நாளா எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி படபடன்னு...

லலிதா: உங்க ஈசிஜி ரிப்போர்ட்டை டாக்டர் சிவானந்தன்கிட்டக் காட்டினேன். குதிரை மாதிரி இருக்கேளாம். தாராளமா ஓட்டலாமாம்.

பத்ரி: அவர்கிட்டயுமா?

லலிதா: அவர்கிட்டயும்தான்.

பத்ரி: இந்தா... ஒரே ஒரு தடவை, "போகக் கூடாது"ன்னு வாயைத் திறந்து சொல்லேன்.

லலிதா: நான் எதுக்குச் சொல்லணும்?

பத்ரி: பயமா இருக்குடி. நீ விட மாட்டேன்னு நம்பித்தான் பேரே குடுத்தேன்.

லலிதா: தெரியும். நாலு வருஷமா ஆபீஸ்ல கூப்பிடறச்சே எல்லாம், "எனக்கு ஆசைதான், பொண்டாட்டி விட மாட்டேங்கறா"ன்னு சொல்லிண்டு வரேளாமே? போன மாசம் பார்ட்டில உங்க மேனேஜர் ஆத்துக்காரி என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "அந்த ராட்சசி நீதானா"ன்னு கேட்டா. இந்தத் தடவை போக விட்டுடறதுன்னு அன்னிக்கே தீர்மானம் பண்ணிட்டேன். ஆடாதீங்கோ, முழங்கால் பாக்கி இருக்கு.