மடித்துக் கிடந்த துணி

இரவு இரண்டு மணி. ஆஸ்பத்திரியின் பின்மதிலை ஒட்டிய சாலை. விளக்கு கிடையாது, நாய்கூடக் கிடையாது. தூறல். ஒரே ஒரு ஸ்கூட்டர்...

ஓட்டி வந்தவர் நம் எலக்ட்ரீஷியனின் சகலை. நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். ரொட்டித் தொழிற்சாலையில் சுகாதார அதிகாரி. கை கழுவுவது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசுவார். தரையில் விழுந்த ஸ்பூனைக் கழுவ மாட்டார், குப்பையில் போடுவார். தொழிலாளிகள் வைத்த பெயர் ‘சோப்பு சார்’.

அவர் மகன் இரண்டு மாதம் முந்திப் பிறந்துவிட்டான். அப்பாவின் ஒற்றை பூட்ஸைவிடக் கொஞ்சம்தான் கனம். கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடந்தான். மனைவி வீட்டில், வயிற்றுத் தையலோடு. பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அது போதாவிட்டால் பிள்ளை தேறாது. நர்ஸ் ஒரு வழி சொன்னாள்: பிள்ளையின் தலைக்கடியில் கிடந்த துணியைத் தாய் முகர்ந்தால் பால் சுரக்கும்.

“கீழ போட்டுடாதீங்க சார்,” என்று துணியை அவர் கையில் கொடுத்தாள்.

“யாருகிட்ட சொல்றீங்க? சுத்தத்துக்கே பாடம் எடுக்கறவன் நான்!”

மதில் திருப்பத்தில் பள்ளம். வண்டி தூக்கிப் போட்டது. மழைக்கோட்டுக்குள் கையை விட்டுச் சட்டைப் பையைத் தடவினார்... துணி இல்லை.

இறங்கித் தேடினார். சாலை முழுக்க ஈரம். நடுவே வெள்ளையாக ஒன்று. விழுந்த துணி கசங்கியல்லவா கிடக்கும்? இது நாலாக மடித்துக் கிடந்தது. தொட்டார். நனையவே இல்லை... இளஞ்சூடு.

திரும்பிப் போய், ‘கீழே போட்டுவிட்டேன்’ என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி முகர்ந்தாள். “என்னங்க, நம்ம பிள்ளை வாசனையே இல்லியே... தோண்டின மண்ணு மாதிரி இருக்கு.”

“பெட்டியிலேர்ந்து நேரா எடுத்துட்டு வரேன். சும்மா மோந்து பாரு.”

மடை திறந்த மாதிரி பால். புட்டி வழிந்தது. பிள்ளை தேறினான். தலைமை மருத்துவர் ஆறு சிஷ்யர்கள் சூழ வந்து, “எல்லாம் நம்ம முறை” என்றார். சோப்பு சார் தொழிற்சாலையில் ‘தாய்ப்பாலும் தந்தையின் சுத்தமும்’ என்று தனி உரையே ஆற்றினார். அந்தத் துணியை மட்டும் அவள் கையைவிட்டுக் கொடுக்கவில்லை. துவைக்கவும் விடவில்லை.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று மழைக்கோட்டை உதறினார். உள்மடிப்பிலிருந்து ஏதோ விழுந்தது. கசங்கிய வெள்ளைத் துணி. முகர்ந்தார். பாலும் மருந்தும்... மகன் வாசனை.

அப்படியானால் அது யாருடையது?

அன்று இரவு விழிப்பு வந்தது. ‘ச்ப்... ச்ப்... ச்ப்...’ பிள்ளை பால் குடிக்கும் சத்தம். தொட்டிலைப் பார்த்தார். மகன் வாய் மூடித் தூங்கிக்கொண்டிருந்தான்.

சத்தம் நிற்கவில்லை.

கட்டிலில் மனைவி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கை வளைவுக்குள் அந்தத் துணி. அதன் நடுவே, ஒரு சின்னத் தலை அளவுக்குப் பள்ளம்...

“விளக்கப் போடாதீங்க,” என்றாள், கண் திறக்காமல். “பெரியவன் தூங்கிட்டான். இது இப்பதான் வாய் வச்சிருக்கு.”